சதுரங்கம்: வளர்ந்தபின் ஒரு தொடக்கம்

இருபத்து மூன்று வயதில்தான் சதுரங்கம் கற்றேன். பத்து வயது அக்காள் மகன் பதினைந்தே நகர்வுகளில் என்னை வீழ்த்தினான். வெட்கத்தில் ஒரு மாதம் பலகையைத் தொடவில்லை.

பிறகு மீண்டும் ஆடினேன்; ஒவ்வொரு நகர்வையும் ஏட்டில் குறித்தேன். உண்மை விளங்கியது. காவலின்றி நான் விட்ட காய்களைத்தான் அவன் வெட்டியிருந்தான்!

என்னைப் போல் தாமதமாகத் தொடங்கும் நண்பர்களே, இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. காயைத் தொடுமுன், எதிராளியின் கடைசி நகர்வு எதைத் தாக்குகிறது என்று பாருங்கள். நீங்கள் வைக்கப்போகும் கட்டத்தில் உங்கள் காய்க்குக் காவல் உண்டா?

2. மதிப்பை மனத்தில் கொள்ளுங்கள்: சிப்பாய் 1, குதிரை 3, மந்திரி 3, கோட்டை 5, ராணி 9. கோட்டையைக் கொடுத்துக் குதிரையை வாங்கினால் பெரும்பாலும் நட்டமே.

3. தினமும் பதினைந்து நிமிடம் எளிய புதிர்களுக்கு விடை காணுங்கள். குதிரை ஒரே நேரத்தில் அரசனையும் ராணியையும் தாக்கும் புதிர்களே நல்ல தொடக்கம்.

4. தொடக்க நகர்வுகளை மனனம் செய்யும்முன் இறுதியாட்டம் பயிலுங்கள். 1921-இல் உலக வெற்றியாளரான கியூபாவின் கபாபிளாங்கா, அவ்வாண்டு வெளிவந்த தம் பாடநூலைக் கோட்டையும் அரசனும் சேர்ந்து எதிரி அரசனை மடக்கும் பாடத்தோடுதான் தொடங்கினார்.

அக்காள் மகனிடம் இன்றும் தோற்கிறேன். ஆனால், இப்போது அவனுக்கு நாற்பது நகர்வுகள் தேவைப்படுகின்றன!