தட்டின் மறுபக்கம்

இசைத்தட்டில் பெயர்பெற்ற பாடல் ஒரு பக்கம் இருக்கும். மறுபக்கம் ‘பி சைடு’. கணினிப் பாதுகாப்பு மாநாடுகளிலும் அப்படியொரு மறுபக்கம் உண்டு.

2009இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த ‘பிளாக் ஹாட்’ மாநாட்டில் இடமின்மையால் நல்ல உரைகள் பல விடுபட்டன. அவற்றுக்காகத் தொண்டர்கள் தாங்களே மேடை அமைத்தனர். அதுவே ‘பி சைட்ஸ்’. இன்று பல நாட்டு நகரங்களில் உள்ளூர்த் தொண்டர்கள் இதனை நடத்துகின்றனர். கட்டணம் சிறிது, சில இடங்களில் அறவே இல்லை.

பூட்டின் பழுதைக் கண்டு உரியவரிடம் சொல்பவன் திருடனல்லன். ‘ஹேக்கர்’ பலரும் அத்தகையோரே.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். ஆகவே கேட்கிறேன்: மோசடிக்காரன் ஏழையென்று எவரையும் விடுவதில்லை. தற்காப்பறிவு மட்டும் பணம் பார்த்து வரலாமா?