முதலில் திரை, பிறகுதான் பெட்டி

எம்.எஸ். ப்ளூ என்று ஒரு நிறம் இருக்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்தி உடுத்தியே அவர் பெயரைப் பெற்றுவிட்ட காஞ்சிப் பட்டு நீலம். மயிலாப்பூரில் வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப்பில் புடவை விற்கும் என் சித்தி பெண், அந்த நிறத்தில் ஒரு புடவையைப் படமெடுத்து, நிறத்தைச் 'சரிசெய்து' அனுப்பினாள். மூன்றே நாளில் அடையாறிலிருந்து புடவை திரும்பி வந்தது. "படத்துல மயில்கழுத்து, கையில வந்தது வேற என்னமோ" என்று வாங்கிய அம்மாவுக்குக் கோபம். தப்பு கேமராவில் இல்லை. பத்து வருஷத்து மானிட்டர் எல்லாவற்றையும் கொஞ்சம் ஊதாவாகக் காட்டிக்கொண்டிருந்தது. இவள் அதைப் பச்சைப் பக்கம் தள்ளித் தள்ளி, இருந்த நிறத்தைத் தொலைத்திருந்தாள்.

"அண்ணா, எழுபதாயிரத்துக்குள்ள நல்ல சிஸ்டம் ஒண்ணு சொல்லுங்க" என்றாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன்: முதல் பணம் திரைக்கு. கடையில் பேச்சு பெட்டியில்தான் ஆரம்பிக்கும். கலர் விளக்கு எரிவது அதில்தானே.

உங்கள் வேலை எது?

கடைக்குக் கிளம்புமுன் ஒரு தாளில் உங்கள் வேலையை எழுதுங்கள். எல்லாருக்கும் ஒரே கம்ப்யூட்டர் பொருந்தாது.

புடவை, நகை, பலகாரம் என்று விற்பனைக்குப் படமெடுப்பவருக்கு நிறம்தான் முக்கியம், வேகம் அப்புறம். கல்யாண ஆல்பம் வடிவமைப்பவருக்கு மெமரி வேண்டும். 12க்கு 36 அங்குல ஆல்பம் தாள் ஒன்றை 300 டிபிஐ கணக்கில் விரித்தால் 3,600க்கு 10,800 புள்ளிகள், அதாவது ஏறக்குறைய 3.9 கோடி. ஒரு லேயருக்கே சுமார் 117 எம்பி. மாப்பிள்ளை, பொண்ணு, பின்னணிக் கோபுரம், பூ என்று பத்து லேயர் போட்டால் ஒரு ஜிபியைத் தாண்டும்.

மூன்றாவது வகை, மார்கழியில் சபா சபாவாக அலைந்து கச்சேரிகளைப் படமெடுக்கும் நம்மைப் போன்றவர்கள். மேடை வெளிச்சம் மங்கல், ஃப்ளாஷ் போட முடியாது, ஐஎஸ்ஓ 6400 வரை ஏற்ற வேண்டியிருக்கும். படம் முழுக்க மணல் தூவியதுபோல் நாய்ஸ். 2023 ஏப்ரலில் லைட்ரூமில் வந்த ஏஐ டீநாய்ஸ் அந்த மணலைப் பெருக்கித் தள்ளிவிடுகிறது. ஆனால் அதற்கு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். கார்டு இல்லாத சிஸ்டத்தில் ஒரு படத்துக்கே நிமிடக் கணக்கில் காத்திருந்து, வயலின்காரர் முகம் தெளிவதற்குள் காபி ஆறிவிடும்.

திரை

எழுபதாயிரத்தில் பதினெட்டிலிருந்து இருபதாயிரம் வரை திரைக்கு ஒதுக்குங்கள். மனசு கேட்காது. இருந்தாலும் ஒதுக்குங்கள். பெட்டி நாலு வருஷத்தில் பழசாகும். நல்ல மானிட்டர் அடுத்த பெட்டிக்கும் உழைக்கும்.

ஐபிஎஸ் பேனலாக இருக்க வேண்டும். வளைந்த திரை வேண்டாம். நேர்கோடு நேர்கோடாகத் தெரியாத திரையில் கோயில் தூணை நிமிர்த்திப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். விவரத் தாளில் எஸ்ஆர்ஜிபி 99 அல்லது 100% என்று போட்டிருக்கிறதா, டெல்டா இ (நிறப் பிழையின் அளவு) 2க்குள் என்று இருக்கிறதா பாருங்கள். சில கம்பெனிகள் என்டிஎஸ்சி கணக்கில் எழுதுவார்கள். அதில் 72% என்றால் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி. 45% என்று இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வைத்துவிட்டு வாருங்கள்; அரக்குக்கும் மெரூனுக்கும் அதில் வித்தியாசம் தெரியாது. "16.7 மில்லியன் நிறங்கள்" என்ற வாசகம் எல்லாப் பெட்டியிலும் உண்டு. அதற்கு மதிப்பில்லை.

24 அங்குலத்துக்கு 1920க்கு 1080 போதும், 1920க்கு 1200 கிடைத்தால் இன்னும் வசதி. 27 அங்குலம் வாங்கினால் 2560க்கு 1440 இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஏசஸ் ப்ரோஆர்ட், பென்க்யூ பிடி, டெல் அல்ட்ராஷார்ப் வரிசைகளில் உங்கள் பணத்துக்கு எட்டுவதைப் பாருங்கள். அடோபி ஆர்ஜிபி, 4கே என்று ஆசை காட்டினால் நன்றி சொல்லி நகருங்கள். வாட்ஸ்அப்பும் ஆல்பம் லேப்பும் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபியில்தான் ஓடுகின்றன.

சோதிக்கும் முறை எளிது. வீட்டிலிருந்து ஒரு ரவிக்கைத் துண்டைக் கையில் கொண்டுபோங்கள். அதே துண்டைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் திரையின் பிரகாசத்தைப் பாதிக்கும் கீழே இறக்கச் சொல்லி, படத்தைத் திறந்து, துணியை வாசல் வெளிச்சத்திலும் படத்தைத் திரையிலும் மாறி மாறிப் பாருங்கள். தலையைப் பக்கவாட்டில் சாய்த்தும் பாருங்கள். நிறம் மாறக் கூடாது. என் சித்தி பெண் எம்.எஸ். ப்ளூ துண்டோடு நாலு மானிட்டர் பார்த்தாள். கடைப் பையன் முதலில் சிரித்தான், மூன்றாவது மானிட்டரில் அவனே துணியை வாங்கிப் பிடித்துக் காட்டினான்.

திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கேலிபரேட்டர் கருவியைத் தனியாக வாங்குவது தண்டம். ஸ்பைடர், கேலிப்ரைட் மாதிரி ஒன்றை மூன்று நண்பர்கள் சேர்ந்து வாங்கி, மாதம் ஒருவர் வீடு என்று சுற்றவிடலாம்.

பெட்டிக்குள்

போட்டோஷாப்புக்கு ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் பெரும்பாலும் கணக்கு. அதனால் ஐ9 தேவையே இல்லை. இன்டெல் ஐ5-12400 போன்ற ஆறு கோர் ப்ராசஸர் தாராளம். பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 12400எஃப் என்று இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு இல்லாமல் திரையே வராது. ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜி-யில் கிராபிக்ஸ் உண்டு, வெறும் 5600-இல் கிடையாது. ஆயிரம், ரெண்டாயிரம் மிச்சம் என்று எஃப் வாங்கி, மறுநாள் கார்டு தேடி ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

ராம் 32 ஜிபி இருந்தால் நிம்மதி. ஆனால் 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை எகிறிக் கிடக்கிறது. கட்டுப்படியாகவில்லையென்றால் 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்கி, பக்கத்து ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள். எட்டு எட்டாக இரண்டு குச்சி வாங்கினால் வேகம் கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டே ஸ்லாட் உள்ள போர்டில், நாளைக்கு ஏற்றும்போது பழைய இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

விண்டோஸுக்கும் நடப்பு வேலைக்கும் என்விஎம்இ எஸ்எஸ்டி 500 ஜிபி அல்லது 1 டிபி. முடிந்த வேலைக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க். கிராபிக்ஸ் கார்டு மேலே சொன்ன மூன்றாவது வகைக்கு மட்டும். ஆர்டிஎக்ஸ் 3050-இல் 6 ஜிபி மாடல் 70 வாட்தான் இழுக்கும், தனி மின் இணைப்பு கேட்காது, டீநாய்ஸுக்குப் போதும். புடவைக்காரர்கள் அந்தப் பணத்தைத் திரையில் போடட்டும்.

பெட்டிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் நான் அடிபட்டவன். என் முதல் அசெம்பிள் சிஸ்டத்தில் கண்ணாடிக் கதவும் வானவில் விளக்கும் உள்ள கேபினெட்டைத் தலையில் கட்டி, கூடவே ஒரு எஸ்எம்பிஎஸ்ஸை 'இலவசமாக'த் தந்தார்கள். ஒரு மே மாத மத்தியானம் 'டப்' என்று ஒரு சத்தம். மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. 80 ப்ளஸ் ப்ரான்ஸ் முத்திரையுள்ள 450 அல்லது 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கேபினெட் அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, காற்றோட்டம் இருந்தால் சரி.

பணம் முப்பது, நாற்பதாயிரம்தான் என்றால், கம்பெனிகள் கழித்துக்கட்டும் டெல் ஆப்டிப்ளெக்ஸ், ஹெச்பி எலிட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் நல்ல சரக்கு. ஆனால் விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் இன்டெல் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும்: ஐ5-8500 சரி, ஐ5-7500 வேண்டாம். மெல்லிய பெட்டி என்றால் அதில் குட்டை கார்டுதான் நுழையும்.

மேக் மினியைப் பற்றியும் கேட்பீர்கள். 2024-இல் எம்4 மாடல் 16 ஜிபி மெமரி, 256 ஜிபி இடத்தோடு 59,900 ரூபாய்க்கு வந்தது. வேலைக்கு அருமை. திரை, கீபோர்டு, மவுஸ் தனி, பின்னால் ராம் ஏற்றவே முடியாது.

சாஃப்ட்வேருக்கும் பட்ஜெட்டில் ஓர் இடம் வையுங்கள். அடோபி சந்தா கட்டுப்படியாகாவிட்டால் டார்க்டேபிள், கிம்ப் இலவசம். 2025 அக்டோபரிலிருந்து அஃபினிட்டியும் இலவசம். கிராக் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். அதோடு வரும் வைரஸ் ஒரு முகூர்த்த சீசன் முழுவதையும் பூட்டிவிடக்கூடும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில்

சென்னையில் கம்ப்யூட்டர் பாகம் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்தான். மயிலாப்பூர்க்காரர்கள் திருமயிலையிலும் அடையாறுக்காரர்கள் கஸ்தூர்பா நகரிலும் பறக்கும் ரயில் ஏறினால் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கலாம், அங்கிருந்து நடக்கிற தூரம்தான். தி. நகரிலிருந்து அண்ணா சாலை பஸ். வண்டியில் போகாதீர்கள், நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும்.

முதல் நாள் கொட்டேஷன் மட்டும். மூன்று கடைகளில் ஒரே பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் மாடல் எண்ணோடு தனித்தனி விலை எழுதி வாங்குங்கள். "ஐ5, 16 ஜிபி, மொத்தம் இவ்வளவு" என்ற ஒற்றை வரிக்கு மயங்க வேண்டாம். அந்த வரிக்குள் பழைய தலைமுறை ஐ5 ஒளிந்திருக்கலாம். "பில் இல்லாம எடுத்தா 18% மிச்சம் சார்" என்பார்கள். மிச்சமாவது ஜிஎஸ்டி, போவது வாரண்டி. சீரியல் எண் எழுதிய பில் வேண்டும். ப்ராசஸர் சீல் பிரிக்காத பெட்டியில் வர வேண்டும், இன்டெல் பெட்டிக்கு மூன்று வருஷ வாரண்டி. டிரேயில் வரும் மலிவு சரக்குக்குக் கடைக்காரர் சொல்வதுதான் வாரண்டி. உங்கள் கண் முன்னால் பூட்டி, உங்கள் பென் டிரைவ் படத்தைத் திறந்து பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

மாட வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பல ப்ளக்கில் எர்த் வேலை செய்வதில்லை. பெட்டியைத் தொட்டால் சுருக்கென்றால் அதுதான் காரணம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். யுபிஎஸ் அவசியம்: கார்டு இல்லாத சிஸ்டத்துக்கு 600 விஏ, கார்டு இருந்தால் 1000 விஏ. சாந்தோம், பெசன்ட் நகர் மாதிரி கடலோர வீடுகளில் ஜன்னலோரம் வைக்காதீர்கள், உப்புக் காற்று உள்ளே துருப்பிடிக்க வைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயர் அடியுங்கள்.

திரையை 6500கே, காமா 2.2, பிரகாசம் 100 முதல் 120 நிட்ஸுக்குள் வையுங்கள். பின்னால் மஞ்சள் பல்பு எரியக் கூடாது, முன்னால் வெயில் விழக் கூடாது.

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2015 டிசம்பரில் கோட்டூர்புரத்திலும் தி. நகரிலும் தண்ணீர் புகுந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் நகரம் மூழ்கியது. வேலை முடிந்த படங்களுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க், அதில் ஒன்று மாடியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில். சித்தி பெண்ணின் இரண்டாவது டிஸ்க் இப்போது என் வீட்டு பீரோவில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை கூட்டம் நெரியும். வார நாளில் காலை பதினொரு மணிக்குப் போங்கள், ரவிக்கைத் துண்டை மறக்காதீர்கள்.