நன்னியை “முஸ்லிமே இல்லை” என்கிறான் மகன்

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பொறியியல் படிக்கும் மகன் ஓராண்டாக ஆளே மாறிவிட்டான். தாடி வைத்திருக்கிறான், பேண்ட்டைக் கரண்டைக்கு மேல் மடித்து விடுகிறான், ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போகிறான். இதிலெல்லாம் அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கோவளம் தர்காவுக்குப் போய்வரும் நன்னியை (பாட்டியை) பார்த்து, “நீங்க முஸ்லிமே இல்ல” என்று சொல்லிவிட்டான். எதிர்வீட்டு அம்மா கொடுத்த தீபாவளிப் பலகாரத்தை வாங்கி வைத்ததற்காக அத்தாவிடம் (தந்தையிடம்) பேச்சையே நிறுத்திவிட்டான். எல்லாம் போனில் கேட்கும் பயான்களால் (மார்க்கச் சொற்பொழிவுகளால்) வந்தது. “இவன் சொல்வதுதான் இஸ்லாமா, ஹஜ்ரத்? நாங்கள்தான் தெரியாமல் இருந்துவிட்டோமா?”

சகோதரி, முதலில் எதற்குக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். தாடி, தொழுகை, தர்காவுக்கு வர மறுப்பது எல்லாம் பேணுதல். தர்கா விஷயத்தில் ஆலிம்களுக்குள்ளேயே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. தர்கா கூடாது என்ற கருத்தோடு வாழ்கிற எத்தனையோ குடும்பங்கள் தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் இருக்கின்றன. அவர்களால் யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை. மார்க்கத்தை இறுகப் பற்றுவதை இஸ்லாம் விரும்பவே செய்கிறது.

நன்னியைச் சொன்னானே, அந்தச் சொல்தான் என்னை உறுத்துகிறது. ஒருவர் தன் சகோதரனைக் காஃபிர் (இறைமறுப்பாளர்) என்று அழைத்தால், அந்தச் சொல் இருவரில் ஒருவர் மீது வந்து விழுந்தே தீரும் என்று நபியவர்கள் எச்சரித்தது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கலீஃபா அலி அவர்களை 661இல் கூஃபா பள்ளிவாசலில் வெட்டியவன் காரிஜிய்யா கூட்டத்தைச் சேர்ந்தவன். அந்தக் கூட்டத்தார் தொழுகையிலும் ஓதுவதிலும் குறை வைக்காதவர்கள். தங்களோடு ஒத்துப்போகாத முஸ்லிம்களைக் காஃபிர் ஆக்கியதில்தான் அவர்களுடைய வழிகேடு தொடங்கியது.

நம் காலத்தில், நம் மொழியிலேயே நடந்ததைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகளை வெடிக்கவைத்து 250க்கும் மேற்பட்டோரைக் கொன்ற கூட்டத்தின் தலைவர் ஸஹ்ரான் ஹாஷிம், காத்தான்குடிக்காரர். தமிழில்தான் பயான் செய்தார். அவருடைய முதல் பகை கிறிஸ்தவர்களோடு இல்லை, சொந்த ஊர் சூஃபி முஸ்லிம்களோடு. 2017 மார்ச்சில் அவருடைய ஆட்கள் அவர்களோடு வாளெடுத்து மோதினார்கள். அவரைக் கைதுசெய்யச் சொல்லி ஊர் முஸ்லிம்களே தெருவில் இறங்கினார்கள். அவர் தலைமறைவானார், இரண்டு வருடம் கழித்து அந்தப் பெரும் பாவம் நடந்தது. குண்டு வைத்தவர்களின் உடல்களை அடக்கத்துக்கு ஏற்கமாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. நம் கோவையிலும் 2022 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு முந்தின நாள், கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு கார் வெடித்தது. சில நாட்களில் ஜமாஅத்துப் பெரியவர்கள் அந்தக் கோயிலுக்கே நேரில் போய் அர்ச்சகர்களைச் சந்தித்தார்கள்.

உங்கள் மகன் அந்த வழியில் போகிறான் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் போவதில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை வீட்டிலேயே நிறுத்தியாக வேண்டும்.

போனைப் பிடுங்காதீர்கள். அவன் கேட்கும் பயானை ஒருநாள் நீங்களும் கூட உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள். பிறகு நிதானமாக விசாரியுங்கள்: இவர் எந்த மதரஸாவில் ஓதினார், இவருக்கு உஸ்தாது யார், தனக்கு மாறான கருத்துள்ள ஆலிம்களைப் பற்றி மரியாதையோடு பேசுகிறாரா? நான் பார்த்த பல பிள்ளைகளுக்கு இந்தக் கேள்விகளே போதுமாக இருந்தன. ஓர் ஆலிமிடம் கூட்டிப் போவதானால், தர்கா பக்கம் சாய்ந்த ஹஜ்ரத்திடம் வேண்டாம். வாசலிலேயே காதை அடைத்துக்கொள்வான். தர்கா விஷயத்தில் அவன் கருத்தே உடைய, ஆனால் யாரையும் காஃபிர் என்று சொல்லாத ஓர் ஆலிமைத் தேடுங்கள். அவர் சொன்னால் கேட்பான்.

அத்தா விஷயத்துக்கு லுக்மான் சூரா 15ஆவது வசனத்தை அவனையே எடுத்து ஓதச் சொல்லுங்கள். பெற்றோர் இணைவைக்கச் சொல்லி வற்புறுத்தினால் அதில் மட்டும் அவர்களுக்குக் கட்டுப்படக் கூடாது. அப்போதும் உலக வாழ்வில் அவர்களோடு நல்லபடியாகவே நடந்துகொள்ள வேண்டும் என்கிறது அது. பலகாரம் வாங்கியதற்குப் பேச்சை நிறுத்த இவனுக்கு எங்கிருந்து அனுமதி வந்தது? சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடமாட்டேன் என்றால் அது அவன் உரிமை. அதை எதிர்வீட்டு அம்மாவிடம் பணிவாகச் சொல்லட்டும், அவர் புரிந்துகொள்வார். நம்மோடு போர் செய்யாதவர்களுக்கு நன்மையும் நீதியும் செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்று மும்தஹினா சூரா 8ஆவது வசனம் தெளிவாகவே சொல்கிறது.

இன்னொன்றை விட்டுவிடக் கூடாது. அவன் கோபத்தில் பாதி நியாயமானது. காஸாவின் படங்களைப் பார்க்கிறான், பாபர் மசூதி இடிக்கப்பட்ட கதையைக் கேட்கிறான், பெயரைக் கேட்டதும் “வீடு இல்லை” என்று சொல்லும் வீட்டுக்காரர்களைப் பற்றி நண்பர்கள் சொல்கிறார்கள். “அதெல்லாம் பேசாதே” என்று அடக்கினால், போனில் பேசுகிறவன் மட்டும்தான் தன்னைப் புரிந்துகொண்டவன் என்று நினைப்பான். வீட்டிலேயே பேசுங்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவற வைக்கக் கூடாது என்ற மாயிதா சூரா 8ஆவது வசனம் இந்தக் கோபத்துக்கென்றே இறங்கியதுபோல் இருக்கும். வழக்கறிஞர் தொழில், பத்திரிகை, ஜமாஅத்தின் கல்வி உதவி வேலை என்று அந்தக் கோபம் போய்ச் சேர நல்ல இடங்கள் இருக்கின்றன.

ஆனால் அவன் அப்பாவிகளைக் கொன்றவனைப் புகழ்ந்தாலோ, யாருக்கும் காட்டாத ரகசியக் குழுவில் இருந்தாலோ, எதற்கென்று சொல்லாமல் பணம் திரட்டினாலோ, மறைக்காதீர்கள். ஒரு வழக்கறிஞரையும் ஜமாஅத் தலைவரையும் கூட்டிக்கொண்டு அன்றே காவல்துறையிடம் போங்கள். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதாக நினைத்துக் குமைய வேண்டாம். அவன் உயிரையும் அடுத்தவர் உயிரையும் காப்பாற்றுகிறீர்கள். அந்த நிலை இப்போது இல்லை. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் நன்னிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போடுங்கள். தர்காவைப் பற்றி இருவரும் வாதாடட்டும். மன்னிப்புக் கேட்கச் சொல்லி அன்றைக்கே நெருக்க வேண்டாம்.