அழுத்தாதீர்கள், இது பில்டர் இல்லை!

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த மகள் அலுமினிய மோக்கா பாட் ஒன்று வாங்கிவந்தாள். எப்போதும் வாங்கும் பில்டர் காபிப் பொடியையே போட்டு அடுப்பில் வைக்கிறேன். பாதித் தண்ணீர் கீழேயே நின்றுவிடுகிறது. பக்கவாட்டில் ஆவி சீறுகிறது. வருகிற டிகாக்‌ஷனும் ஒரே கசப்பு. எங்கே தப்பு?
– வாசகி, திருச்சி

பதில்: பொடியைப் போட்டதும் கரண்டியால் ஓர் அழுத்து அழுத்துகிறீர்கள், சரிதானே? பில்டரில் குடையை வைத்து அழுத்திப் பழகிய கை சும்மா இருக்காது. பில்டரில் வெந்நீர் தன் கனத்தில் மெல்ல இறங்குகிறது. இதிலோ தண்ணீர் கீழிருந்து மேலே ஏற வேண்டும். ஏற்றிவிடுவது அடிப்பாத்திரத்து ஆவியின் அழுத்தம். அது சுமார் 1.5 பார்தான். எஸ்பிரஸோ மெஷினில் 9 பார். இந்தச் சின்னப் பலம் இறுகிய பொடியைத் துளைக்காது. ஆவி திருகும் இடத்தில் வழி தேடுகிறது. விளிம்பில் பொடி ஒட்டியிருந்தாலும் அப்படித்தான் கசியும், துடைத்துவிட்டுத் திருகுங்கள்.

சிக்கரி கலந்த பொடி நனைந்ததும் அடைத்துக்கொள்ளும். சிக்கரி இல்லாத பொடியைத் தூள் உப்புப் பதத்தில் அரைத்து வாங்குங்கள். நிரப்பித் தலைதட்டினால் போதும். தண்ணீர் அடிப்பாத்திரத்தில் உள்ள பித்தளை வால்வுக்குக் கீழேயே நிற்கட்டும். குக்கரின் சேஃப்டி வால்வு போன்றது அது.

கசப்புக்குக் காரணம் தீ. சின்ன பர்னரில், சிம்மில், மூடியைத் திறந்துவைத்து, பக்கத்திலேயே நில்லுங்கள். கரும்பழுப்பாக வருவது தேன் நிறத்துக்கு வெளுத்து, முதல் 'கொரகொர' கேட்டதும் இறக்கி, அடிப்பாகத்தைக் குழாய் நீரில் காட்டுங்கள். அந்தச் சத்தம் பலருக்கு 'காபி தயார்' என்கிற மணி. உண்மையில் கீழே தண்ணீர் கிட்டத்தட்டத் தீர்ந்து, ஆவி பொடியைப் பொசுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சினால் கவலை வேண்டாம். கொதிநீர் ஊற்றித் தொடங்குவோரும் உண்டு; கைசுடாமல் திருக முடிந்தால் செய்யுங்கள்.

1933இல் வட இத்தாலியில் அல்போன்சோ பியாலெட்டி கொண்டுவந்த பாத்திரம் இது. ஏமனின் மோக்கா துறைமுகம் பெயர் கொடுத்தது. இதை உலகெங்கும் விற்ற மகன் ரெனாட்டோ 2016இல் இறந்தபோது, அஸ்தியைக்கூட மோக்கா பாட் வடிவக் கலசத்தில்தான் வைத்தார்கள்!

பில்டர் டிகாக்‌ஷனுக்கு ஊற்றுகிற அளவு பாலை இதற்கு ஊற்றாதீர்கள், பாதி போதும். '3 கப்' பாட் என்றால் இத்தாலிக்காரர்களின் குட்டிக் கப். உங்கள் வீட்டு டபராவுக்கு இரண்டு தேறினாலே அதிகம்.