பாட்டியின் கைக்கு ஒரு பாட்டுப்பெட்டி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குப் பேருந்தில் செல்லும்போது செல்பேசியைக் கவனித்ததுண்டா? மலை வளைவுகளில் அலையின் வலிமை குறைவதும் கூடுவதுமாக இருக்கும். செல்பேசிக் கோபுரத்தின் வானொலி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. குறுக்கே மலைமுகடு நின்றால் அதன் மறைவிலுள்ள ஊருக்கு அவை நன்கு எட்டுவதில்லை. இணையத்தில் வரும் பாட்டும் பாதியில் நின்றுவிடும்.

அலையே வேண்டாத பாட்டுப்பெட்டி ஒன்றை நாமே செய்தால் என்ன? தொடுதிரை பழகாத பாட்டியும் இருட்டில் தடவிப் பார்த்து இயக்க, அதில் இரண்டு பொத்தான்கள் போதும்.

வேண்டிய பொருள்கள்

டி.எஃப்.பிளேயர் மினி என்னும் சிறு மின்சுற்றுப் பலகை ஒன்று, மைக்ரோ எஸ்.டி. அட்டை (32 ஜி.பி. வரை), 8 ஓம், 3 வாட் ஒலிபெருக்கி, அழுத்து பொத்தான்கள் 2, 1.5 வோல்ட் பேனா பாட்டரிகள் 3, ஒரு சுவிட்சு.

இணைக்கும் முறை

பாட்டரிகளைத் தொடராக இணைத்தால் 4.5 வோல்ட் கிடைக்கும். பலகை 3.2 முதல் 5 வோல்ட் வரை ஏற்கும். நேர்முனையைச் சுவிட்சு வழியாக வி.சி.சி. என்ற காலிலும், எதிர்முனையை ஜி.என்.டி. என்ற தரைக்காலிலும் இணையுங்கள். முனைகளை மாற்றிவிட்டால் பலகை கெட்டுவிடும். ஒலிபெருக்கியின் இரு கம்பிகளையும் எஸ்.பி.கே.1, எஸ்.பி.கே.2 கால்களில் பொருத்துங்கள். அவற்றில் எதையும் தரையோடு சேர்க்கக் கூடாது. ஐ.ஓ.1 காலுக்கும் தரைக்கும் இடையே ஒரு பொத்தான், ஐ.ஓ.2 காலுக்கும் தரைக்கும் இடையே மற்றொன்று. எம்.பி.3 பாட்டுகளை அட்டையில் ஒவ்வொன்றாக வரிசைப்படி பதியுங்கள்.

ஐ.ஓ.2 பொத்தானைத் தட்டினால் அடுத்த பாட்டு. அழுத்திப் பிடித்தால் ஒலி கூடும். ஐ.ஓ.1 பொத்தானைத் தட்டினால் முந்தைய பாட்டு. பிடித்தால் ஒலி குறையும்.

எத்தனை மணி நேரம்?

எம்.பி.3 பாட்டுக்கு விநாடிக்கு 1,28,000 பிட் எனக் கொள்வோம். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே விநாடிக்கு 16,000 பைட். நிமிடத்திற்கு 9,60,000 பைட். 32 ஜி.பி. அட்டையில் சுமார் 550 மணி நேரப் பாட்டு அடங்கும்!

பொத்தான் சொல்லும் செய்தி

ஒரே பொத்தான் இரு வேலைகளைச் செய்வது எப்படி? பலமாக அழுத்துவதாலா? இல்லை. சில்லு அளப்பது விசையை அன்று, காலத்தை. பொத்தானைத் தொடாதபோது, ஒரு மின்தடை அந்தக் காலை உயர்ந்த மின்னழுத்தத்தில் வைத்திருக்கிறது. அழுத்தியதும் கால் தரையோடு சேர்ந்து மின்னழுத்தம் சுழியாகிறது. அது எவ்வளவு நேரம் சுழியாக இருக்கிறது என்பதைக் கொண்டே தட்டலா, பிடித்தலா என்று சில்லு முடிவு செய்கிறது.

இங்கேதான் ஒரு சிக்கல். பாட்டியின் விரல் மெதுவாக நகரும். பொத்தானிலேயே சற்றுத் தங்கிவிட்டால் பாட்டு மாறாது, ஒலிதான் உயரும். பாட்டி மிரண்டு பெட்டியை ஒதுக்கிவிடுவார்! குறை பாட்டியிடம் இல்லை. நம் பொத்தானில்தான் இருக்கிறது.

செய்து பாருங்கள்

பொத்தானுடன் தொடராக ஒரு மின்தேக்கியைச் சேருங்கள். அதன் நேர்முனை ஐ.ஓ.2 காலின் பக்கம் இருக்கட்டும். அழுத்தியதும் மின்தேக்கி மின்னேற்றம் பெறத் தொடங்கும்; ஏற ஏறக் காலின் மின்னழுத்தம் தானே உயர்ந்துவிடும். விரல் தங்கியிருந்தாலும் சில்லுக்கு அது வெறும் தட்டல்தான். மின்தடையை மின்தேக்குதிறனால் பெருக்கினால் இதற்கான கால அளவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக 10,000 ஓமும் 10 மைக்ரோஃபாரடும் சேர்ந்தால் 0.1 விநாடி. விரலை எடுத்தபின் மின்தேக்கி வெறுமையாக வேண்டுமே! அதற்காக மின்தேக்கியின் இரு முனைகளுக்கும் குறுக்கே 1 லட்சம் ஓம் மின்தடை ஒன்றை இணையுங்கள்.

4.7, 10, 22, 47 மைக்ரோஃபாரடு மின்தேக்கிகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொன்றிலும் பாட்டு மாறுகிறதா, ஒலி கூடுகிறதா என்று அட்டவணை எழுதுங்கள். எது பொருத்தம் என்பதைப் பாட்டியின் விரலே சொல்லட்டும். ஒலியை மாற்றும் வேலையை எங்கே வைப்பது? அதற்கு இன்னொரு பொத்தான் வேண்டுமா? சிந்தியுங்கள்.

பெட்டி தயாரானதும், பாட்டி பாடும் பாட்டையே பதிவு செய்து முதல் பாட்டாக அதில் வையுங்கள்.