முகவரியும் படியும்: வலைப்பதிவு தொடங்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

வலைப்பதிவு என்பது தனியொருவர் தம் பொறுப்பில், நாள்வரிசைப்படி எழுதிச் சேர்த்துவரும் இணையத்தளம். தமிழில் அது 2003ஆம் ஆண்டையொட்டித் தலையெடுத்தது. 1999இல் தொடங்கி 2003இல் கூகுளின் கைக்கு மாறிய பிளாகரும், 2003 மே மாதம் வெளிவந்த வேர்ட்பிரஸும் அதற்குக் காசில்லாமல் வழி செய்தன. 2004இல் தமிழ்மணம் என்னும் திரட்டி, அதாவது பல பதிவர்களின் புதிய இடுகைகளை ஒரே பக்கத்தில் தொகுத்துக் காட்டும் தளம், வந்தபின் கோவையில் ஒருவர் காலையில் எழுதியதைக் கனடாவில் இருப்பவர் அன்றே படித்து மறுமொழி எழுதும் வழக்கம் உண்டாயிற்று. அக்காலத்து எழுத்தை இன்று தேடிப் போகிறவருக்கு மூடிய கதவுகளே மிகுதியாக எதிர்ப்படுகின்றன. நல்ல எழுத்தும் அல்லாத எழுத்தும் வேறுபாடின்றி மறைந்திருப்பதற்கு, எழுதியவர்கள் முகவரியைப் பிறர் கையில் விட்டதும், தம் எழுத்துக்குத் தனிப்படி வைத்துக்கொள்ளாததும் பெரிய காரணங்கள். ஆகவே பெரியப்பாவின் இம்மடல் வார்ப்புரு, வண்ணம், எழுத்துரு ஆகியவற்றை விட்டு, முகவரியிலேயே தொடங்குகிறது.

இலவசச் சேவையில் கணக்குத் தொடங்குபவருக்கு அச்சேவையின் பெயரை வாலாகக் கொண்ட ஒரு முகவரி கிடைக்கும். அது குடியிருக்கத் தரப்பட்ட இடமே தவிரச் சொந்த இடம் அன்று என்பதற்கு இந்தியப் பதிவர்கள் பட்ட பாடே சான்று. 2012இல் கூகுள், பிளாக்ஸ்பாட்.காம் என முடியும் பிளாகர் பதிவுகளை இந்தியாவிலிருந்து திறப்போரைப் பிளாக்ஸ்பாட்.இன் என்ற முகவரிக்குத் திருப்பிவிட்டது. வாசகர்களும் அந்த முகவரியையே நகலெடுத்து மின்னஞ்சலிலும் முகநூலிலும் பகிர்ந்தார்கள். 2020இல் அந்தப் பெயர் புதுப்பிக்கப்படாமல் கூகுளின் கையைவிட்டுப் போய், வேறொரு நிறுவனத்தின் பெயரில் பதிவாயிற்று. பதிவுகள் பழைய இடத்தில் அப்படியே இருந்தன. அவற்றுக்கு வழிகாட்டிய எண்ணற்ற இணைப்புகள்தாம் ஒரே நாளில் பாழாயின. அத்தனை பெரிய நிறுவனமே ஒரு பெயரைப் புதுப்பிக்காமல் விட்டது என்பது வேடிக்கைதான். இழப்பு பதிவருக்கு ஆயிற்று என்பது வேடிக்கையன்று. ஆண்டுதோறும் சிறு தொகை கட்டித் தன் பெயரில் ஒரு களப்பெயரைப் பதிந்துகொள்பவருக்கு, எழுத்தைப் பிளாகரில் வைத்திருந்தாலும், பின்னர் வேர்ட்பிரஸுக்கு மாற்றினாலும், வாசகர் அறிந்த முகவரி மாறாது. களப்பெயர் என்பது புள்ளிக்கு முன்னும் பின்னும் சேர்ந்து நிற்கும் அந்த முகவரிப் பெயர்தான். அதைப் பதிவுசெய்துதரும் நண்பரின் மின்னஞ்சலில் அல்லாமல் தன் சொந்த மின்னஞ்சலிலேயே பதிவது முதன்மையானது. நட்பு முறிந்தபின் முகவரியைக் கேட்டுப் பெறுவது எளிதன்று.

சேவைகளுக்கும் ஆயுள் உண்டு. இலவச இணையப்பக்கங்களுக்கு இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இலும், பதிவுகளைத் தொடர்ந்து படிக்கப் பலரும் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2013இலும், சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019இலும், ஒருகாலத்தில் வலைப்பதிவுக்கென்றே பெயர்பெற்றிருந்த டைப்பேட் 2025இலும் மூடப்பட்டன. எனவே இடுகையை நேரடியாகச் சேவையின் பெட்டிக்குள் தட்டச்சு செய்யாமல், தன் கணினியில் எளிய உரைக்கோப்பாக எழுதி, அதிலிருந்து ஒட்டுவது நல்ல பழக்கம்; அப்போது முதல்படி எப்போதும் எழுதியவரிடமே இருக்கும். பிளாகரும் வேர்ட்பிரஸும் எல்லா இடுகைகளையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள வசதி தருகின்றன. ஆனால் எக்ஸ்எம்எல் வடிவிலான அந்தக் கோப்பில் எழுத்து மட்டுமே இருக்கும், படங்கள் இரா. படம் எங்கே இருக்கிறது என்ற முகவரிதான் இருக்கும். இதை அறியாமல் கோப்பை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவர்கள், சேவை மூடியபின் படம் இருந்த இடங்களில் வெற்றுச் சட்டங்களையே கண்டார்கள். படங்களைத் தனிக் கோப்புறையில், இடத்தின் பெயரும் எடுத்த நாளும் கோப்புப் பெயரிலேயே இருக்கும்படி சேமிப்பதே இதற்கு மாற்று.

தமிழில் எழுதுவோருக்கு மட்டும் உரிய சில சிக்கல்களும் உண்டு. ஒருங்குறி (யூனிகோடு) பரவுமுன் டிஸ்கி, டாப் போன்ற குறியேற்றங்களில், அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் கணினிக்குள் இன்ன எண் என்று வகுத்த வெவ்வேறு ஏற்பாடுகளில், எழுதப்பட்டவை இன்று மாற்றிக்கொடுக்கும் கருவி இல்லாமல் படிக்க முடியாத குப்பைக் குறிகளாகவே தெரிகின்றன. ஒருங்குறி நிலைத்துவிட்ட இக்காலத்தில் அந்தத் தொல்லை இல்லை என்றாலும், எழுத்தை அழகிய அட்டைப்படமாகச் செய்து ஏற்றும் புதிய வழக்கம் அதே குழியில்தான் கொண்டுபோய்த் தள்ளுகிறது. படத்துக்குள் அடைபட்ட வரியிலிருந்து ஒரு சொல்லைக்கூட நேராக நகலெடுக்க வராது, பார்வையற்றோருக்குப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானும் அங்கே தடுமாறும். இடுகையின் நிலையான இணைப்பும், அதாவது அந்த ஓர் இடுகைக்கே உரிய முகவரியும், கவனிக்கத்தக்கது. தலைப்பு முழுவதும் தமிழில் இருந்தால் பிளாகர், ‘பிளாக்-போஸ்ட்’ என்ற பொதுப்பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்து இணைப்பாக்கிவிடும். அதைப் பார்த்து உள்ளே இருப்பது என்னவென்று யாரும் சொல்ல முடியாது. வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பையே இணைப்பில் வைத்தாலும், ஒருங்குறியின் ஒவ்வொரு தமிழ்க் குறியும் இணைப்புக்கான குறியேற்றத்தில் ஒன்பது குறிகளாக விரியும். ‘மதுராந்தகம் ஏரி’ என்ற இரண்டே சொற்கள் 127 குறிகளாகிவிடும். 200 குறிகளைத் தாண்டினால் மிகுதி வெட்டப்படும். வெளியிடுமுன் ஊர்ப்பெயரையும் பொருளையும் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்களாகத் தாமே அமைத்துவிட்டால் இத்தொல்லை இராது. வெளியிட்டபின் அதை மாற்றினால், அதுவரை பகிரப்பட்ட இணைப்புகள் அறுந்துபோகக்கூடும்.

இனிப் பேசுபொருள். செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிகளைப் பற்றி எழுத மகள் எண்ணியிருப்பது பெரியப்பாவுக்கு உவப்பான செய்தி. எல்லாவற்றையும் பற்றி எழுதும் பதிவைத் தேடி யாரும் வருவதில்லை. ஒரு வட்டாரத்து ஏரிகளை மட்டும் எழுதும் பதிவுக்கு வாசகர் சிலரே ஆனாலும் வேறிடத்தில் கிடைக்காத ஒன்றுக்காக வருவார்கள். மதுராந்தகம் ஏரி என்றதும் ஆங்கிலேயர் காலத்துக் கலெக்டர் லயோனல் பிளேஸையும், உடையவிருந்த கரையைக் காத்ததாகச் சொல்லப்படும் ஏரி காத்த ராமரையும் இணைக்கும் கதையை எழுதத் தோன்றும். அதை எழுதியவர்கள் ஏராளம் என்பதால், ஒரு பத்திக்கு மேல் அதற்கு இடம் வேண்டியதில்லை. எழுதப்படாமல் கிடப்பவை வேறு: பாசனத்துக்கு நீர்விடும் மதகுகள் எத்தனை, மிகைநீர் வழிந்தோடும் கட்டாகிய கலங்கல் எந்தத் திசையில் இருக்கிறது, ஆயக்கட்டு எனப்படும் பாசனநிலம் எந்தெந்த ஊர்களில் பரவியுள்ளது, நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே தூர்ந்திருக்கிறது என்பன. இவற்றை நேரில் பார்த்து, கரையோரத்து உழவரிடம் கேட்டு, கேட்டது எது, கண்டது எது என்று பிரித்து எழுதும் இடுகை பல ஆண்டுகள் கழித்தும் பயன்படும்.

அவ்வாறு எழுதும்போது ‘இப்போது’, ‘சென்ற வாரம்’, ‘அண்மையில்’ என்னும் சொற்களை அறவே தவிர்ப்பது நலம். இடுகையின் மேலே நாள் அச்சாகியிருக்கிறதே என்று எண்ணலாம்; ஆனால் வேறு சேவைக்கு மாற்றும்போது நாள்கள் குழம்பிவிடுவதும், வார்ப்புருவை மாற்றும்போது நாளே காட்டப்படாமல் போவதும் உண்டு. ‘ஏரியில் இப்போது பாதி நீர்தான் இருக்கிறது’ என்ற வரிக்கு ஓராண்டு கழித்துப் பொருளில்லை. இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன நாள், இந்த மதகருகே அளவுகோல் இத்தனை அடி காட்டியது என்ற வரிக்குப் பொருள் குன்றாது. நிர்வாக எல்லைகளும் மாறுபவை: 2019 நவம்பருக்கு முன் எழுதப்பட்ட வலைப்பதிவுகளில் மதுராந்தகம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும், பின்னர் எழுதப்பட்டவற்றில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும், நாள் தெரியாத வாசகர் இரண்டில் ஒன்றைப் பிழை என்றே கொள்வார்.

தலைப்பில் தேடுவோர் தட்டச்சு செய்யும் வடிவம் ஒருமுறையாவது வரவேண்டும். தமிழில் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும்போது உருமாறுவதால், ‘குளத்தின்’ என்று மட்டும் வரும் தலைப்பு ‘குளம்’ என்று தேடுபவருக்கு அகப்படாமல் போகலாம். குறிச்சொற்கள், அதாவது இடுகைகளைப் பொருள்வாரியாகப் பிரிக்க இடப்படும் சிறு பெயர்கள், குறைவாகவும் ஒரே எழுத்துக்கூட்டலிலும் இருப்பது போதும். ‘ஏரி’, ‘ஏரிகள்’, ‘நீர்நிலை’ என மூன்றையும் மாற்றி மாற்றி இட்டால் ஒரே பொருள் மூன்று அடுக்கில் சிதறும்.

எத்தனை நாளுக்கு ஓர் இடுகை என்ற கேள்விக்குத் தன்னால் இயன்றது என்பதே விடை. முதல் மாதத்து வேகத்தில் நாளொன்றுக்கு ஒன்றாக எழுதித் தீர்ப்பதைவிட, மூன்று நான்கு வரைவுகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு மாதம் இரண்டு வெளியிடுபவர் நெடுநாள் நிற்கிறார். விளம்பர வருமானத்தை நம்பித் தொடங்க வேண்டாம். கூகுளின் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றதே 2018இல்தான். அதில் வரும் தொகை ஏரிக்குப் போய்வரும் பேருந்துச் செலவுக்குக் காணுமா என்பதே ஐயம்.

பிழை நேர்ந்தால் ஓசையின்றித் திருத்திவிடாமல், அடியில் நாளிட்டுத் திருத்தக்குறிப்பு எழுதுவது வாசகருக்குச் செய்யும் மரியாதை. பிறர் எடுத்த படத்தைக் கூகுளில் கிடைத்தது என்று போடுவது பதிப்புரிமை மீறல். இந்தியச் சட்டப்படி எழுத்தாளரின் உரிமை அவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும், ஒளிப்படங்களுக்கும் நீண்ட காலப் பாதுகாப்பு உண்டு. தன் கைப்பேசியில் எடுத்த படமே ஏற்றது. ஆனால் கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆள்கூறுகள், அதாவது அட்சரேகை தீர்க்கரேகை எண்கள், பதிந்திருக்கக்கூடும். ஏரிப் படத்தில் அவை பயன்தரும். வீட்டு முற்றத்தில் எடுத்த படத்தில் அவற்றை நீக்கிவிட வேண்டும். எந்த ஏரிக்குப் போகப்போகிறோம் என்பதை முன்கூட்டி அறிவிக்காமல், போய்த் திரும்பிய பிறகே எழுதுவதும் இதனோடு சேர்ந்த எச்சரிக்கை.

கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு, அதாவது கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் ஏற்பாடு, கட்டாயம் வேண்டும். கைப்பேசி எண்ணை மாற்றும்போது கணக்கிலும் அன்றே மாற்றிவிட வேண்டும். பழைய எண் பிறர் கைக்குப் போனபின் மாற்றுவது பெரும்பாடு. களப்பெயர் எந்த நிறுவனத்தில் பதியப்பட்டது, எந்த மாதம் புதுப்பிக்க வேண்டும், படங்கள் எந்த வன்தட்டில் உள்ளன என்பவற்றை ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவைத்தால், தேர்வுக்காலத்திலோ வெளியூரில் இருக்கும்போதோ அவரே கட்டணத்தைக் கட்டிவிடுவார்.

அன்புடன்,
பெரியப்பா