யார் செய்த செயல்திட்டம்?

ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியலில் ‘எங்கள் ஆறு’ என்றொரு செயல்திட்டம் கொடுத்திருந்தேன். பள்ளிப்பட்டில் ஆறு என்றால் கொசஸ்தலைதான். ஒரு மாணவன் கொண்டுவந்த சார்ட் கண்ணைப் பறித்தது. கம்ப்யூட்டர் சென்டரில் எடுத்த வண்ணப் படங்கள், 1944இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம், எண்ணூர் முகத்துவாரம், அச்சுக் கோத்ததுபோல் எழுத்து. பத்துக்கு ஒன்பது போட்டேன். விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகள், கோடு போட்ட தாளில் பென்சிலால் தரைப்பாலத்தை வரைந்து, கீழே எட்டு வரி எழுதியிருந்தாள். நான்கு இடத்தில் எழுத்துப்பிழை. ஐந்து போட்டேன்.

மறுநாள் சார்ட்டைச் சுவரில் ஒட்டும்போது அவனிடம், “பூண்டிக்கு அப்புறம் ஆறு எங்கப்பா போகுது?” என்று சும்மாதான் கேட்டேன். சார்ட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “அம்மாதான் சார் எழுதினாங்க.”

அந்தப் பெண்ணிடமும் கேட்டேன். ஆந்திரப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் தரைப்பாலம் மூழ்கும், அக்கரைக்காரர்கள் சுற்றித்தான் வர வேண்டும், 2021 மழையில் எப்படி இருந்தது என்று பாட்டி சொன்னதையெல்லாம் தெலுங்கும் தமிழுமாகக் கொட்டினாள். கடைசியில், “நானே செஞ்சதாலதான் மார்க் கொறைஞ்சுதா சார்?” என்றாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2012-13இல் முப்பருவ முறையோடு வந்த வளரறி மதிப்பீடு (அ), குழந்தை எப்படிக் கற்கிறது என்று நாம் பார்ப்பதற்காக வந்தது. நான் பார்த்ததோ அம்மாவின் கையெழுத்தை. அந்த அம்மாவைக் குறை சொல்லவும் முடியவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்தபோது நேராகவே கேட்டார்: “அவன் கையால எழுதியிருந்தா ஒன்பது போட்டிருப்பீங்களா சார்?” போட்டிருக்க மாட்டேன். மாலை நான்கு மணிக்குச் சொல்லி மறுநாள் காலை கொண்டுவா என்றால் பெரியவர்கள்தான் செய்வார்கள். சார்ட்டும் பிரிண்ட்டும் வாங்க எல்லா வீட்டிலும் காசு இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

பி.எட். படிக்கும்போது வைகாட்ஸ்கியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். இன்று துணையோடு செய்வதை நாளை குழந்தை தனியாகச் செய்ய வேண்டும், உதவி அதற்குத்தான் என்றார் அவர். அந்த வரி எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

இப்போது வரைவதும் எழுதுவதும் வகுப்பிலேயே, இரண்டு பாடவேளையில், சாதாரணத் தாளில். வீட்டுக்குக் கேள்வி மட்டும் போகும்: வெள்ளம் எதுவரை வந்தது, அன்று தறி ஓடியதா, ஆற்று மணலுக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர். பெற்றோர் சொல்ல வேண்டும், பிள்ளை கேட்டுவர வேண்டும். தெலுங்கில் கேட்டுவந்தாலும் சரி. பத்தில் ஐந்து மதிப்பெண் வாய்மொழியாக விளக்குவதற்கு. நாற்பது பிள்ளைகளிடமும் கேட்க ஒரு வாரம் ஆகிறது, அது தொல்லைதான்.

அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணை வகுப்பின் முன்னால் எட்டாகத் திருத்தினேன். அந்தப் பையன் மறுபடி எழுதிய தாளில் தரைப்பாலம் கோணலாக இருந்தது. பூண்டியைப் ‘பூன்டி’ என்று எழுதியிருந்தான். அங்கிருந்து ஆறு எங்கே போகிறது என்று கேட்டேன். “எண்ணூர்ல கடலுக்கு சார்” என்றான், தாளைப் பார்க்காமலே. ஏழு போட்டேன்.